தும்பிக்கை நீளும் திசை

அவர் இடது கையைத் தூக்கினார்.

அவள் கஞ்சிக் கிண்ணத்தை அப்படியே ஸ்டூலில் வைத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாய் அவர் எதையும் கை காட்டிக் கேட்டதில்லை. பக்கவாதத்தில் வலது கை போனது போனதுதான். பேச்சும் போயிற்று.

விரல் எதிர்ச்சுவரைக் காட்டியது.

சுவரில் அவர் வரைந்த தைலவண்ண ஓவியம்.

தண்ணீர் புகுந்த ஒரு வீடு. கூடத்து ஊஞ்சலில் புலி உட்கார்ந்திருக்கிறது. அதன் வரிகள் கழன்று, அவிழ்த்துப் போட்ட துணி மாதிரி தரையில் குவிந்து கிடக்கின்றன. கரடி கண்ணாடி முன் நின்று தலைவாருகிறது. கண்ணாடிக்குள் தலைவாருவது ஒரு பெண். வலது ஓரத்தில் முழங்கால் தண்ணீரில் ஒரு பெண்யானை. அதன் தும்பிக்கை நீண்டுகொண்டே போய்ப் படத்தின் விளிம்போடு முடிந்துவிடுகிறது. அது எதைத் தேடுகிறது என்பது படத்தில் இல்லை.

வீட்டுக்கு வருகிறவர்கள் அர்த்தம் கேட்பார்கள்.

"கண்ணு இருக்குல்ல, பாருங்க" என்பதோடு அவர் சரி. காபியோடு வரும் அவள்தான் சொல்வாள். வரி கழன்ற புலி, ரிட்டயரான மாமனார். கரடி, கல்யாணமான புதிதில் அவள். வந்தவர்கள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, தாங்களே கண்டுபிடித்தது போலப் பத்திரிகையில் கட்டுரை எழுதுவார்கள். அவர் அதையும் மறுத்ததில்லை.

யானையைப் பற்றி மட்டும் அவள் யாரிடமும் வாய் திறந்ததில்லை.

"புலியா?" என்றாள் இப்போது.

விரல் வலப்பக்கம் நகர்ந்தது.

"கரடியா? என்னைச் சொல்றீங்களா?"

அவர் தொண்டையில் ஏதோ சத்தம் வந்தது. விரல் இன்னும் நகர்ந்தது. யானை. தும்பிக்கை. அங்கேயும் நிற்கவில்லை. விளிம்பைத் தாண்டிப் போய், படத்துக்கு வெளியே நின்றது.

அவள் யானையையே பார்த்தாள்.

அவர்களுக்கு ஒரு பெண் பிறந்தது. பெயர் வைக்கும் முன்பே போய்விட்டது. புதைத்துவிட்டு வந்து குளித்தவர், ஈரத் தலையோடு போய் இந்தப் படத்தைத் தொடங்கினார். அதற்குப் பிறகு முப்பது வருஷம், அந்தக் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டு, மறந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? யானையைப் பார்த்தே மனதைத் தேற்றிக்கொண்டாள்.

"நம்ம பாப்பாவா?"

அவர் கண்களை அகல விரித்தார். விரல் அதே பக்கம் குத்திக் குத்திக் காட்டியது.

"அவளத்தான் சொல்றீங்களா? இவ்ளோ நாளும் மனசுலயே வச்சிருந்தீங்களா?"

அவள் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் கையை இழுத்தார். அவள் விடவில்லை. கட்டிலோரம் மண்டியிட்டு, கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். இத்தனை வருஷம் இந்த மனுஷனைக் கல் என்று நினைத்தோமே என்று வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. மறைப்பானேன், இந்த வீட்டில் கால் வைத்த நாளிலிருந்து அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

அவர் கை இழுப்பதை நிறுத்திக்கொண்டது.

முழங்கை பட்ட இடத்தில் படுக்கை வெதுவெதுப்பாக இருந்தது. குனிந்து பார்த்தாள். வேட்டி நனைந்து, ஈரம் விரிப்பில் பரவிக்கொண்டிருந்தது.

மெதுவாகத் திரும்பி அவர் காட்டிய பக்கம் பார்த்தாள்.

படம்.

ஒரு முழம் வெறும் சுவர்.

பாத்ரூம் கதவு.

காலையில்தான் நர்ஸ் வந்து யூரின் டியூப்பை எடுத்துவிட்டுப் போனாள். "வந்தா அவரே கை காட்டுவாரும்மா, உடனே கூட்டிட்டுப் போயிடுங்க" என்று வாசல்வரை சொல்லிக்கொண்டே போனாள். சரி சரி என்று தலையாட்டியவள் இவள்தான்.

வெந்நீர் கொண்டுவந்து துடைத்தாள். அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து விரிப்பை உருவினாள். வேறு வேட்டி கட்டிவிட்டாள். எல்லாம் முடிந்த பிறகு, அவரால் பதில் சொல்ல முடியாது என்று தெரிந்தும் கேட்டாள்.

"பாப்பாவப் பத்தி ஒண்ணுமே சொல்லலையா நீங்க?"

அவர் கண்களிலிருந்து தாரை தாரையாக நீர் வழிந்தது.

அழுகைக்கு அர்த்தம் பார்க்காதீர்கள் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். மூளையில் அடிபட்ட இடம் அப்படியாம். காரணமே இல்லாமல் வருமாம். நேற்று டிவியில் வானிலை அறிக்கை வாசித்தபோதும் அவர் இப்படித்தான் அழுதார்.

அவள் துண்டில் காய்ந்த முனையைத் தேடி எடுத்து, அதையும் துடைத்துவிட்டாள்.