எந்தப் பக்கமும் திருப்பலாம்

புது மேலாளர் தலையசைத்தால்தான் இன்ஜினீயரின் ஆறு மாத உழைப்பு பிழைக்கும்.

"நம்ம பழைய லீவு டேட்டாபேஸ்தான் சார். இதுவரைக்கும் வெறும் வரிசை வரிசையா இருந்துச்சு. இப்ப அதையே பகடை மாதிரி எந்தப் பக்கம் வேணாலும் திருப்பிப் பார்க்கலாம். ஆள், வருஷம், காரணம்..."

"ஆள் பக்கம் உன்னையே வை. காரணம், சாவு."

இன்ஜினீயரின் விரல் தயங்கித் தயங்கி அழுத்தியது. திரையில் ஒரே வரி வந்தது: பெரியப்பா மரணம், மூன்று வருடங்களில் மூன்று முறை.

பக்கத்து இருக்கை அக்காதான் அவனைக் காப்பாற்றப் பார்த்தார்.

"அவங்கப்பாவுக்கு மூணு அண்ணன் இருந்திருப்பாங்க சார்."

"ஒரே அண்ணன்தாம்மா."

"உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார்.

"மூணு தடவையும் செத்தது நான்தானே?"

இன்ஜினீயர் எழுந்து நின்றான். "பெரியப்பா... நீங்க இந்த ஆபீசுக்கே மாத்தலாகி வருவீங்கன்னு..."

"உன் புரோகிராம் பாஸாயிடுச்சுடா. பெரியம்மாகிட்ட மட்டும் காட்டிடாதே. மூணு சாவுல ஒண்ணுக்காவது வந்தியாடான்னு கேப்பா."