முப்பத்தாறு படங்கள்

மலேசியாவின் ரந்தாவ் ஊர்த் தோட்டத்து வீட்டைவிட்டு, சுகுமாறன் தன் மனைவி ரோகினியைத் தனியாக அனுப்பமாட்டான். அவள் கைப்பேசியையும் தினமும் சோதிப்பான்.

ரெம்பாவ் சந்தையில் அவள் ஒரு பழைய ஃபிலிம் கேமரா கேட்டாள்.

"குருவிங்கள படம் எடுக்கலாம்ங்க."

சுகுமாறன் அதைத் திருப்பிப் பார்த்தான். திரையே இல்லை.

"இதுல யாருக்கும் ஒன்னும் அனுப்ப முடியாது லா. வாங்கிக்க."

ஒரு மாதத்தில் ஃபிலிம் முடிந்தது. போர்டிக்சன் ஸ்டூடியோவுக்கு அவனே கூட்டிப்போனான். அவள் ஃபிலிமைக் கழுவக் கொடுத்துவிட்டு வரும்வரை காரில் காத்திருந்தான்.

நான்காம் நாள் பெண் போலீஸ் ஒருவர் வந்து, மேசையில் படங்களைப் பரப்பினார்.

"ஸ்டூடியோக்காரம்மா கொண்டாந்து குடுத்தாங்க."

முப்பத்தாறும் ரோகினி கண்ணாடி முன் நின்று எடுத்தவை. கழுத்திலும் கைகளிலும் அவன் அடித்த காயங்கள்.

அவன் நிமிர்ந்தபோது, அவள் துணிப்பையோடு வாசலில் நின்றிருந்தாள்.