யானை போன நேரம்

காளியப்பனின் கண்கள் கலங்கியிருந்தன. கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அவருடைய ஜவுளிக்கடையில் ஈ, காக்கை கிடையாது. வெளியே சந்தும் வெறிச்சோடிக் கிடந்தது. தீபாவளிக்கு மூன்று வாரம்கூட இல்லை.

"அப்படியே இருங்கண்ணா, கண்ணைத் துடைக்காதீங்க" என்றான் வாசுதேவ். கேமராவை இன்னும் ஓர் அடி முன்னால் நகர்த்தினான்.

வாசுதேவ், சென்னைச் செய்திச் சேனல் ஒன்றின் மைசூர் நிருபர். கேமராமேனும் அவனேதான். இருந்த கேமராமேனைப் போன வருஷமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது கத்தி இவன் தலைக்கு மேலே தொங்கியது. பெங்களூரில் ஒருத்தர், மைசூரில் ஒருத்தர் எதற்கு, மாசக் கடைசியில் ஒருவர்தான் இருப்பார் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். யார் என்பதை, 'களையிழந்த தீபாவளி' என்ற செய்திக்கு அனுப்பும் படம் முடிவு செய்யும்.

பொருளாதாரம் மந்தம், ஜனங்கள் கையில் காசில்லை, கடைகளில் கூட்டமில்லை. செய்தியைச் சென்னையில் உட்கார்ந்தபடியே எழுதி முடித்தாயிற்று. படம்தான் பாக்கி.

படம் கிடைத்தால்தானே! மைசூர்க் கடைகளில் பத்து நாளாகக் கால் வைக்க இடமில்லை. கேமராவோடு ஒரு கடைக்குள் நுழைந்தவனை, சேலை பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் ஒருத்தி முழங்கையால் இடித்தே வெளியே தள்ளிவிட்டாள். நாற்பத்தாறு வயதில் வேலை போனால் வேறு எந்தச் சேனலும் சீந்தாது. மூளையைக் கசக்கினான்.

கசக்கிப் பிடித்த நேரம்தான் இது. விஜயதசமி, சாயங்காலம் நாலரை மணி. தசரா ஊர்வலத்தில் தங்க அம்பாரியைச் சுமந்துகொண்டு யானை சயாஜி ராவ் ரோட்டில் போகும்போது ஊரே அங்கேதான் நிற்கும். பின்சந்துக் கடைகளில் மருந்துக்கும் ஆள் இருக்காது. சென்னையில் இருக்கிறவர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

அதிலும் இரண்டு இடைஞ்சல். கடைத் தரையில் ஐம்பது அறுபது துணிப்பைகள் குவிந்து கிடந்தன. காலையிலிருந்து துணி எடுத்தவர்கள், கூட்டத்தில் தூக்கிக்கொண்டு அலைய முடியாமல், யானை பார்த்துவிட்டு வந்து எடுத்துக்கொள்கிறோம் என்று கடையிலேயே வைத்துவிட்டுப் போனவை. தசராவுக்குத் தசரா நடக்கிற வழக்கம். அந்தக் குவியலின் மேல் வாசுதேவ் ஒரு போர்வையை விரித்து மூடினான்.

இன்னொன்று, காளியப்பனின் தலைக்கு மேல் தொங்கிய அட்டை. 'விற்பனைக்கு ஆள் தேவை' என்று கன்னடத்திலும் தமிழிலும் எழுதியிருந்தது. வியாபாரம் படுத்துப்போன கடைக்கு ஆள் எதற்காம்? கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டான்.

காளியப்பன் ராமாபுரம் என்ற கிராமத்துக்காரர், பொய் வராது. "யாவாரம் நல்லாத்தானுங்க இருக்குது" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அவர் பேசவே வேண்டாம், முகம் மட்டும் போதும், பேச்சைத் தான் பார்த்துக்கொள்வதாக வாசுதேவ் தைரியம் கொடுத்தான். ஆனாலும் அந்த முகத்தில் சோகம் வரவில்லை. அவர் சந்தின் கோடியையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பேண்டு வாத்தியம் நெருங்கியது. ஜனங்களின் ஆரவாரம் சந்துக்குள் வந்து மோதியது. வாசுதேவ் அவசரமாக மைக்கை அணைத்தான். அந்த நேரம் பார்த்துத்தான் காளியப்பனின் கண்கள் நிறைந்தன. என்ன நடிகன்யா இந்த ஆள் என்று வாசுதேவ் மனசுக்குள் மெச்சிக்கொண்டான்.

'கண்ணீரில் ஜவுளி வியாபாரி' ஒரே நாளில் பன்னிரண்டு தடவை ஒளிபரப்பானது. நான்கு நிபுணர்கள் உட்கார்ந்து தலையை ஆட்டினார்கள். அந்தக் கண்ணீருக்கு உலகச் சந்தைதான் காரணம் என்றார் ஒருவர். இடையிடையே, செய்தியை வழங்கிய பட்டுச்சேலைக் கடையின் விளம்பரத்தில் ஒரு குடும்பமே சிரித்துக்கொண்டு வந்தது.

நாலாம் நாள் ஆசிரியர் போன் செய்தார். அந்தப் பட்டுச்சேலைக் கடைக்காரர்கள் தீபாவளி விளம்பரத்தை நிறுத்திவிட்டார்களாம். ஜனங்களிடம் காசே இல்லையென்று உங்கள் சேனலே சொல்லும்போது யாருக்கு விளம்பரம் என்று கேட்டார்களாம். அதனால் பெங்களூர், மைசூர் இரண்டையுமே மூடச் சொல்லிவிட்டார் முதலாளி.

"நாம சொல்றத அவங்க நம்புவாங்கன்னு யாருப்பா கண்டா?" என்றார் ஆசிரியர்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, கேமராவைத் திருப்பி அனுப்புவதற்காகப் பையைக் காலி செய்தபோது அந்த அட்டை கையில் தட்டுப்பட்டது. வெட்கத்தை விட்டுக் கொண்டுபோனான். கடைக்குள் நுழையவே கால் மணி நேரம் ஆயிற்று. டி.வி.யில் அழுதவர் விலையைக் குறைத்துக் கொடுப்பார் என்று தேடி வந்தவர்கள் வேறு, வழக்கமான கூட்டத்தோடு சேர்ந்துகொண்டிருந்தார்கள்.

வேலை போன கதையைச் சொல்லி அட்டையை நீட்டினான். காளியப்பன் அதை வாங்கவில்லை. கழுத்திலிருந்த அளவு டேப்பைக் கழற்றி அவன் கழுத்தில் மாட்டினார். டேப்பைச் சரிசெய்துகொண்டே கேட்டான் வாசுதேவ்.

"அது சரிண்ணா, அன்னைக்கு எப்படி அவ்வளவு நிஜமா அழுதீங்க?"

"நெசமாத்தானுங்க அழுதேன். கடையில பைய வெச்சிட்டுப் போறாங்க, பூட்டிட்டுப் போக முடியுமா? பாத்துக்க ஒரு ஆளும் இல்ல. பதினோரு வருசமா சத்தத்த மட்டுந்தான் கேக்கறேன்."

அட்டையைப் பிடுங்கிக் குப்பைக்கூடையில் போட்டார்.

"வர்ற தசராவுக்கு நா யானை பாக்கப் போறனுங்க."