இரண்டாவது சாட்சி

"மாட்டேன்னா மாட்டேன்தான்" என்று பேனாவை வெர்லின் பக்கமே உருட்டிவிட்டாள் இமோஜின். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல அவர் கோப்பையில் காபி ஊற்றினாள்.

பண்ணைக்காரர் வெர்லின் கோப்பையைத் தொடவில்லை. ஓக்லஹோமாவின் அந்த மூலை நல்ல மழையைப் பார்த்து மூன்று வருஷமாயிற்று. மாடுகளை விற்றாயிற்று, பண்ணை வாசலில் ஏலப் பலகையும் நட்டாயிற்று. நிலத்தடி எண்ணெய்க்குக் குத்தகை கேட்டு வந்த கம்பெனிதான் அவருக்கு மிச்சமிருந்த ஒரே வழி. அதுவும் இன்று சாயங்காலம் வரைதான்.

வில்லங்கம் தம்பி ராய்ஸ் பேரில் இருந்தது. எண்ணெய் உரிமையை இரண்டு பிள்ளைகளுக்கும் பாதிப் பாதியாக எழுதிவிட்டுக் கண்ணை மூடினார் அப்பா. கொஞ்ச நாளிலேயே ராய்ஸும் எண்ணெய்க் கிணற்று விபத்தில் போய்விட்டான், உயில் எழுதாமல். அண்ணனைத் தவிர அவனுக்கு வாரிசு கிடையாது என்று, அவனை நன்றாகத் தெரிந்த இரண்டு பேர் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டால்தான் குத்தகை நடக்கும். தீவனக் கடைக்காரர் போட்டுவிட்டார். அவரை விட்டால் உயிரோடு இருப்பது இந்தச் சாப்பாட்டுக் கடை இமோஜின்தான்.

"இன்னொரு தடவை படிங்க" என்றாள் அவள், கம்பெனி ஆள் நாஷிடம்.

நாஷ் சலித்துக்கொள்ளாமல் படித்தான். "ராய்ஸ் கல்யாணம் ஆகாதவர், பிள்ளை இல்லாதவர்னு எனக்கு நல்லாத் தெரியும். இந்தச் சொத்துல எனக்கு எந்த ஆதாயமும் இல்லை. அவ்வளவுதான் மேடம். வெளியாள் சொன்னாத்தான் செல்லும்."

"பொய்ச் சத்தியம் பண்ணினா?"

"ஜெயில்தான். அந்தக் கவலை உங்களுக்கு எதுக்கு?"

 அவள் ஏன் மறுக்கிறாள் என்று வெர்லினுக்குத் தெரியும். எல்லாம் பழைய வன்மம்! ராய்ஸும் இவளும் பழகியது ஊரறிந்த விஷயம். தட்டு கழுவுகிறவள் தன் வாசற்படி ஏறக் கூடாது என்று அப்பா விரட்டியதும் ஊரறிந்ததுதான். அந்தத் தட்டு கழுவினவள், ராய்ஸ் செத்த அடுத்த வருஷமே இந்தக் கடையை விலைக்கு வாங்கினாள். பணம் எங்கிருந்து வந்தது என்று ஊரே மண்டையை உடைத்துக்கொண்டது.

"எங்கப்பா மேல இருக்கிற கோபத்தை என்கிட்ட காட்டறியா? அந்தக் கிழவன் போய்ச் சேர்ந்து முப்பது வருஷமாச்சு."

"கோபமெல்லாம் ஒண்ணுமில்ல. காபி ஆறுது, குடி."

"காபியை நீயே குடி. வர்றதுல உனக்கும் ஏதாவது தர்றேன், போதுமா?"

"சார், அப்படிச் சொல்லாதீங்க. ஆதாயம் வாங்கின சாட்சி செல்லாது" என்று நாஷ் குறுக்கே விழுந்தான். பிறகு கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பையை மூடினான். "மன்னிச்சுக்குங்க. பக்கத்துப் பண்ணைக்காரர் காத்துக்கிட்டிருக்கார். நான் கிளம்பணும்."

அவ்வளவுதான், வெர்லினின் வீறாப்பெல்லாம் சரிந்துபோயிற்று.

"இமோஜின், பண்ணை போனாப் போகட்டும். கொட்டகைக்குப் பின்னாலதானே ராய்ஸைப் புதைச்சிருக்கோம்? ஏலத்துல எடுக்கப்போறவன் அங்கே சுத்திவரக் கோழிக் கொட்டகை போடப்போறானாம். அவனை அந்த நாத்தத்துல விட்டுட்டு நான் எங்கே போவேன்? உன் கால்ல வேணாலும் விழறேன்."

சொல்லிவிட்டு, கல்லாவில் தலையைக் கவிழ்த்து அழுதார். வெர்லின் அழுது அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை.

இமோஜின் காபிக் குடுவையைக் கீழே வைத்தாள். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, சத்தியப் பத்திரத்தை மடித்து வெர்லினின் சட்டைப் பையிலேயே செருகினாள்.

"வேணும்னு வம்பு பண்ணல வெர்லின். வாயைத் திறந்தா சொத்துக்காக வந்தவள்னு சொல்வீங்க. அதான் இத்தனை வருஷமாப் பேசாம இருந்தேன், கிணத்து விபத்து நஷ்டஈட்டுலதான் கடை வாங்கினேன்னுகூடச் சொல்லாம."

வெர்லின் ஈரக் கண்ணோடு நிமிர்ந்தார். அவள் நாஷிடம் பேனாவுக்காகக் கையை நீட்டினாள்.

"குத்தகைப் பத்திரத்தை எடுங்க. அதுல போடறேன், ராய்ஸோட பொண்டாட்டியா."