ஏற்கெனவே கேட்டாச்சு

வீட்டுப் பழுதுகளுக்கான கேள்வி பதில் தளத்தில் பூட்டுக்காரர் பெரிய புள்ளி. கேட்ட கேள்வியையே யாராவது மறுபடி கேட்டால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "ஏற்கெனவே கேட்டாச்சு. தேடிப் பார்க்கத் தெரியாதா?" என்று எழுதி, பழைய பதிலின் இணைப்பை ஒட்டி, கேள்வியை மூடிவிடுவார்.

போன வருடம் ஒரு பெண், குளியலறைக் கதவு திறக்கவில்லை என்று கேட்டிருந்தாள். வழக்கம்போல மூடினார். வெளிப்பக்கக் கீலின் திருகாணிகளைக் கழற்றச் சொன்னது பழைய பதில். தான் உள்ளே மாட்டிக்கொண்டிருப்பதாக அவள் எழுதியிருந்த இரண்டாவது வரியை அவர் படிக்கவில்லை. பிறகு அவள் அந்தத் தளத்தில் எதுவும் எழுதவில்லை.

இன்று காலை மனைவி, "தங்கச்சி வீட்டுக்குப் போறேன், வர நாலு நாளாகும்" என்று கிளம்பினாள். அவர் குளித்து முடித்தபோது கதவு திறக்க மாட்டேன் என்றது. பூட்டுக்காரனே குளியலறையில் மாட்டிக்கொண்டான் என்று யாருக்குப் போன் செய்வது? மானம் போய்விடும். வேறு பெயரில் தளத்தில் கேட்டார்.

ஒரே நிமிடத்தில் கேள்வி மூடப்பட்டது. மூடியவர் பெயர் அந்தப் பெண்ணுடையது. "ஏற்கெனவே கேட்டாச்சு. தேடிப் பார்க்கத் தெரியாதா?"

இணைப்பைத் தொட்டார். அவளுடைய பழைய கேள்வி வந்தது. அதன் கீழே இன்றைய தேதியில் ஒரு பதில் இருந்தது: "நான் இப்ப வெளியிலதான் இருக்கேன்."

கீலில் திருப்புளி பதியும் சத்தம் கேட்டது.

"கழட்டிடும்மா" என்றார்.

முப்பது வருடத் தொழில், காது ஏமாறாது. திருகாணிகள் ஒவ்வொன்றாக இறுகிக்கொண்டிருந்தன.