இந்தப் பக்கம் திரும்புங்க

பாம்பின் வால் மட்டும் வெளியே தெரிந்தது. மீதி உடம்பு தக்காளிச் செடிகளுக்குப் பின்னால், உடைந்த சிமென்ட் தொட்டிக்கு அடியில் கிடந்தது.

பிடிக்க வந்த பெண் மண்டியிட்டுக் குனிந்து பார்த்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் நீளக் கொக்கி, தோளில் துணிப்பை. போட்டிருந்த ரப்பர் பூட்ஸ் அவள் காலுக்குக் கொஞ்சம் பெரிது.

"சாரைதான் சார். விஷமில்லை. எலியைத் தேடி வந்திருக்கு."

எலி வராமல் என்ன செய்யும்? வீட்டுக்காரரான மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் இந்தத் தோட்டத்தில் கால் வைத்துப் பதினொரு மாதம் ஆகிறது. வெண்டை முற்றி வெடித்து, பூசணி கொடியிலேயே அழுகி, எலிகள் பிள்ளைகுட்டிகளோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன.

நாள் முழுக்கக் கடையில் ஊரார் கண்ணைப் பார்த்துக் கண்ணாடி போட்டுவிடுகிறவர், வீட்டுக்கு வந்தால் கொல்லைப்புறம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவர் மனைவி பின்கதவைத் தாழிட்டு, வாஷிங் மெஷினை அதை ஒட்டி நிறுத்திவிட்டாள். இன்று காலை அவள் ஜன்னல் வழியாகப் பாம்பைப் பார்த்து அலறியதால்தான், பாம்பு மீட்பு மையத்துக்கு போன் போட்டு ஆளை வரவழைத்து, பக்கச் சந்து வழியாகக் கூட்டி வந்தார்.

பெண் அவசரப்படவில்லை. தொட்டியைக் கொக்கியால் மெல்லச் சாய்த்தாள். ஆள் நீளத்துக்கு இருந்த சாரை, வேறு வழியில்லாததுபோல அவள் விரித்துப் பிடித்த பைக்குள் போனது. பையின் வாயை முடிச்சுப் போட்டு, முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள்.

வேலை முடிந்துவிட்டது. ஆனால் அவள் கிளம்பவில்லை.

"முன்னாடியும் இங்க பாம்பு வந்துச்சா சார்?"

"வந்துச்சு. கட்டுவிரியன்."

"எந்த இடத்துல?"

அவர் துணி துவைக்கும் கல்லைக் காட்டினார். அவள் போய் அதன் பக்கத்தில் நின்றாள். கல்லையும் குழாயையும் கீழே இருந்த மண்ணையும் வெகுநேரம் பார்த்தாள்.

பொந்து ஏதும் இருக்கிறதா என்று தேடுகிறாள் போலும் என்று அவர் நினைத்தார்.

பதினொரு மாதமாக அவர் யாரிடமும் சொன்னதில்லை. கட்டிய மனைவியிடம்கூட இல்லை. முன்பின் தெரியாத இந்தப் பெண்ணிடம் ஏன் வாயைத் திறந்தார் என்று அவருக்கே புரியவில்லை. அன்று வந்தவர் செய்த அதே தொழிலைச் செய்கிறவளுக்குப் புரியும் என்று தோன்றியிருக்கலாம்.

கட்டுவிரியனைப் பிடிக்க அன்றைக்கு வந்தவர் கலகலப்பான மனிதர். "வாடகை கொடுக்காம குடியிருக்கான் சார், காலி பண்ண வச்சிடறேன்" என்று சிரித்துக்கொண்டேதான் கல்லுக்கு அடியிலிருந்து அதை வெளியே எடுத்தார். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது.

"நான்தான்மா போட்டோ எடுக்கணும்னேன். முகம் சரியா விழல, இந்தப் பக்கம் திரும்புங்கன்னேன். திரும்பினார்."

அவரால் நிறுத்த முடியவில்லை.

கடித்த பிறகும் அந்த மனிதர் பாம்பைக் கீழே போடவில்லை. பைக்குள் விட்டு, வாயைக் கட்டி, அதன் பிறகுதான் தன் கையைப் பார்த்தார். "நீங்க பயப்படாதீங்க சார்" என்று இவருக்குத் தைரியம் சொன்னார். ஆட்டோவில் போகும்போது இவர் தோளில் சாய்ந்துகொண்டார். ஆஸ்பத்திரி வாசலில் அவர் இமைகள் கீழே இறங்குவதை முதலில் கவனித்தது இவர்தான். எத்தனை கண்களைப் பார்த்தவர்! தூக்கம் இல்லை அது என்று தெரிந்துவிட்டது.

சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"அவர் கவனக்குறைவா இருந்துட்டார்னுதானே சார் எல்லாரும் சொன்னாங்க?"

அவள் அதை மண்ணைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நான்தான் அப்படிச் சொன்னேன்."

டாக்டரிடம் சொன்னார். விசாரிக்க வந்தவர்களிடம் சொன்னார். அவர்கள் எழுதிக்கொண்டார்கள். மறுநாள் பேப்பரிலும் அப்படியே வந்தது.

சமையலறையில் பாத்திரங்களின் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை.

பெண் திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார். அவள் திட்டவில்லை. துணிப்பையை நிழலில் இறக்கி வைத்தாள்.

"அந்த போட்டோ இருக்கா சார்?"

இருந்தது. அழிக்கவும் இல்லை, திறந்து பார்க்கவும் இல்லை. விரலால் தள்ளித் தள்ளிப் பதினொரு மாதம் பின்னால் போனார்.

பாம்பு கலங்கலாகத்தான் விழுந்திருந்தது. மனிதர் தெளிவாக இருந்தார். வியர்வையில் நெற்றியோடு ஒட்டிய முடி, வாய் நிறையச் சிரிப்பு, பார்க்கிறவரை நேராகப் பார்க்கும் கண்கள்.

அவள் போனை இரண்டு கைகளாலும் வாங்கினாள். இரண்டு விரல்களால் படத்தைப் பெரிதாக்கினாள். பாம்பு ஓரத்துக்கு நகர்ந்து மறைந்தது. திரை முழுக்க முகம் மட்டும் நின்றது.

"இதை எனக்கு அனுப்புவீங்களா?"

"நம்பர் சொல்லும்மா."

அவள் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். அவர் அழுத்திக்கொண்டே வந்தார். ஆறாவது எண்ணுக்குள் போன் தானாகவே நம்பரைக் கண்டுபிடித்து, எப்போதோ அவர் பதிந்து வைத்த பெயரைக் காட்டியது.

பாம்புக்காரர்.

அவர் விரல் அப்படியே நின்றுவிட்டது.

"அவர் போனை நான் இன்னும் அணைக்கல சார்" என்றாள். "அனுப்புங்க."