உருளைக்கிழங்குக்கு ஒரு வக்கீல்

"அந்தச் சிவப்புச் சீட்டை இதுல மட்டும் ஒட்டிடாதீங்க சார்," என்றாள் பெரியக்கா. சமையலறை மூலையில் இருந்த உருளைக்கிழங்குத் தொட்டிக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

அது ஒரு செருப்புத் தொழிற்சாலையின் கேன்டீன். எண்ணூறு பேர் சாப்பிடுகிற இடம். சமையலுக்குப் பொறுப்பு பெரியக்கா. சீட்டோடு வந்து நின்றவர் புதிதாக நியமிக்கப்பட்ட உணவு ஆலோசகர். உடம்புக்கு நல்லது என்றால் பச்சை, அளவோடு சாப்பிட வேண்டியது என்றால் மஞ்சள், கெடுதல் என்றால் சிவப்பு. சிவப்பு விழுந்த பொருள் மறுநாளிலிருந்து கேன்டீன் வாசலைத் தாண்டக்கூடாது என்று நிர்வாகம் உத்தரவே போட்டிருந்தது.

வந்து ஒரு மணி நேரம் ஆவதற்குள் அவருக்குச் 'சிவப்புச் சார்' என்று பெயர் விழுந்துவிட்டது. முட்டை மாஸ்டர், முட்டை இல்லாவிட்டால் காலை ஷிப்டே நகராது என்று கெஞ்சிப் பார்த்தார். முட்டைக்குச் சிவப்பு. ரொட்டி சுடுகிறவர் தன் இருபது வருட அனுபவத்தையும், ரொட்டியை நம்பியே வளர்ந்த மூன்று பிள்ளைகளையும் சொல்லிக் கண் கலங்கினார். ரொட்டிக்குச் சிவப்பு. வெண்ணெய்க்காக யூனியன் தலைவரே மாடியிலிருந்து இறங்கி வந்து அரை மணி நேரம் பேசினார். வெண்ணெய் டப்பாவில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு சிவப்பு விழுந்தது. முட்டைக்கோசுக்காக யாரும் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பச்சை.

ஆலோசகருக்கு இதில் ஒரு கொள்கை இருந்தது. எதை விடவே முடியாது என்று ஒருவன் அழுகிறானோ, அதுதான் அவனைப் பிடித்து ஆட்டுகிறது. முதலில் அதைத்தான் நிறுத்த வேண்டும். மேலும், படிப்பை முடித்துவிட்டுச் சேர்ந்த முதல் வேலை இது. நாலு பேர் கெஞ்சினால் இளகிவிடுவார் என்ற பெயர் மட்டும் வந்துவிடக்கூடாது என்பதில் குறியாக இருந்தார்.

அதனால் பெரியக்காவிடம் கொஞ்சம் கறாராகவே பேசினார். உருளைக்கிழங்கில் இருப்பது வெறும் மாவுச்சத்து என்றார். உடம்பு பெருக்கும், சர்க்கரை ஏறும் என்றார். சொல்லிக்கொண்டே சீட்டின் பின்பக்கத் தாளை உரித்தார்.

பெரியக்கா நகரவில்லை. தொட்டிக்குள் கைவிட்டு மண் ஒட்டிய கிழங்கு ஒன்றை எடுத்து அவர் கண்ணுக்கு நேரே நீட்டினாள்.

"நல்லாப் பாருங்க சார். இது பாட்டுக்கு மண்ணுக்குள்ள கெடக்குற ஜீவன். யார் வம்பு தும்புக்கும் போகாதது. எண்ணெயைக் கொதிக்க வச்சு இதை உள்ள தள்ளுறது நாங்க. உப்பைக் கை நிறைய அள்ளிப் போடுறது நாங்க. ஒரு தட்டு போதும்னு நிறுத்தாம மூணு தட்டு வாங்குறது அவங்க. இத்தனை பேர் செஞ்ச தப்புக்குத் தண்டனை மட்டும் இந்த வாயில்லாததுக்கா?"

ஆலோசகரின் கை அந்தரத்தில் நின்றது. விரல் நுனியில் சிவப்புச் சீட்டு ஒட்டிக்கொண்டு ஆடியது.

யோசிக்க யோசிக்க அவருடைய வாடகை அறைதான் கண்முன் வந்தது. பரீட்சை மாதங்களில் சின்னஞ்சிறிய ஸ்டவ்வில் நாலு கிழங்கை வேகவைத்து, உப்பைத் தொட்டுக்கொண்டு, அதை மட்டுமே தின்று படித்த நாட்கள். அப்போது அவருக்கு உடம்பும் பெருக்கவில்லை, சர்க்கரையும் ஏறவில்லை. பாஸ்தான் ஆனார்.

பெரியக்கா விடவில்லை. பல்லுப் போனவனுக்கும் இது பொருந்தும், காய்ச்சல்காரனுக்கும் பொருந்தும் என்று அடுக்கினாள். சம்பளம் குறைந்தவன் வயிற்றை இதைவிட மரியாதையாக நிரப்புகிற பொருள் உண்டா என்று கேட்டாள். குரல் தழுதழுத்தது. கேட்டுக்கொண்டிருந்த முட்டை மாஸ்டர்கூட மூக்கை உறிஞ்சினார்.

கடைசியில் ஆலோசகர் சிவப்புச் சீட்டைக் கசக்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கொள்கை போனால் போகட்டும், நியாயம் என்று ஒன்று இருக்கிறது. பச்சைச் சீட்டை எடுத்துத் தொட்டியின் நடுமத்தியில் அழுத்தி ஒட்டினார். மனம் நிறைந்துபோய், படிவத்தில் ஒரு குறிப்பும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்: எண்ணெய் வேண்டாம், தோல் உரித்து, வேகவைத்து, மசித்துப் பரிமாறவும், நாளை முதல் ஒரு வேளைக்குப் பதில் இரண்டு வேளை.

அதை அவரே வாசித்தும் காட்டினார்.

பெரியக்கா தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

"அழாதீங்கக்கா," என்றார் ஆலோசகர். "இனிமே உங்க கிழங்கை யாரும் அசைக்க முடியாது."

மிச்சச் சீட்டுகளையும் ஒட்டி முடித்துவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்த நிறைவோடு அவர் பின்பக்க வழியாக வெளியே வந்தார். பாத்திரம் கழுவும் அறையின் ஜன்னலைத் தாண்டும்போது உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. பெரியக்காவோடு வேலை செய்கிற அவளுடைய நாத்தனார், "என்ன அண்ணி, சிவப்பு ஒட்டிட்டானா?" என்று ஆவலாகக் கேட்டாள்.

"முட்டைக்குக் கெஞ்சினாங்க, முட்டை ஒழிஞ்சுது. ரொட்டிக்கு அழுதாங்க, ரொட்டி ஒழிஞ்சுது. நானும் கெஞ்சி அழுதா பதினெட்டு வருஷமா நாம உரிச்சுத் தள்ளுற இந்தச் சனியனும் ஒழியும்னுதான்டி பார்த்தேன்," என்று விம்மினாள் பெரியக்கா. "நாளையிலேர்ந்து மூணு மூட்டை இல்ல, ஆறு மூட்டை."